அக்காவுக்கு மாமா செய்த மூக்கு

போன ஞாயிற்றுக்கிழமை போடியில் என் அக்கா வீட்டில் விருந்து. இலை போட்டாயிற்று. சமையல் முடிந்து அடுப்பையும் அணைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் கேஸ் அலாரம் அலறியது. நாங்கள் எல்லோரும் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தோம்.

ஏன் சிரித்தோம் என்று சொல்ல வேண்டாமா?

இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் அக்காவுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. காய்ச்சல் போனது... மூக்கு திரும்பவில்லை. கைப்பக்குவத்துக்குப் பேர்போனவள். அன்றிலிருந்து ரசம் கொதித்தால், "ஏங்க, இங்கன வாங்க" என்று மாமாவைக் கூப்பிடுவாள். மாமா ஏலக்காய் வியாபாரி. வீட்டின் முன்கட்டுதான் கடை. எந்த வியாபாரமாக இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு வந்து மோந்து பார்த்து, "பெருங்காயம் போதும்" என்பார்.

சரி, ரசத்துக்கு மாமா இருக்கிறார். அவள் தனியாக இருக்கும்போது கேஸ் கசிந்தால்? இந்தக் கவலையில் மாமா சரியாகத் தூங்கக்கூட இல்லை.

மதுரைக்குப் போய் ஒரு கேஸ் அலாரம் வாங்கி வந்தார். அது போடும் சத்தம் அவருக்குப் போதவில்லை! அதோடு ஒரு லாரி ஹாரனைச் சேர்த்து முற்றத்தில் கட்டினார். கேஸ் கனமானது, கீழேதான் படியும் என்று அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டினார். கண்டுபிடிப்பாளர் ஆகிவிட்டார் அல்லவா... பார்க்கிறவர்களிடமெல்லாம் விளக்கம் வேறு.

அக்காவுக்குக் கோபம். "மூக்குப் போனா மூளையும் போச்சுன்னு நெனச்சிட்டாக ஒங்க மாமா" என்று என்னிடம் பொருமினாள். பொருமினாலும், அவர் சொல்லிக்கொடுத்ததைப் பாடம் மாதிரிப் படித்துவைத்திருந்தாள் — ரெகுலேட்டரை மூடு, கதவைத் திற, சுவிட்சைத் தொடாதே.

மெஷினுக்கு ஒரு கெட்ட பழக்கம். சென்ட்டுக்குக் கத்தும். கொசு ஸ்பிரேவுக்குக் கத்தும். தீபாவளிக்கு வந்த எங்கள் சித்தப்பா, "நான் குடியை விட்டு ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிக்கொண்டே, கீழே விழுந்த டம்ளரை எடுக்க அலாரத்துப் பக்கம் குனிந்தார். அவ்வளவுதான்... ஹாரன் தெருவையே கூட்டிவிட்டது!

அதனால்தான் போன வாரமும் சிரித்தோம்.

"சத்தியமா இன்னைக்குத் தொடலடா" என்றார் சித்தப்பா பாவமாக. யார் நம்புவார்கள்? நான் பெரிய மனுஷனாக எழுந்து போய்ச் சமையலறையில் மோந்து பார்த்தேன். ஏலக்காய். முன்கட்டில் மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கொட்டித் தரம் பிரிக்கிற வீட்டில் வேறென்ன வாசம் வரும்? "ஒண்ணுமில்லக்கா" என்று எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

விழுந்தது ஒரு அடி, என் கையில்.

"ஏலே, தொடாத! எல்லாரும் வெளிய போங்க!"

அக்காதான். ரெகுலேட்டரை மூடினாள். கொல்லைக் கதவையும் ஜன்னலையும் திறந்தாள். எங்களை ஆட்டு மந்தை மாதிரித் தெருவுக்கு ஓட்டினாள். அப்புறம் வந்த கேஸ் கம்பெனி ஆள், அடுப்புக்குப் பின்னால் இருந்த டியூபைத் தூக்கிக் காட்டினார். எலி கடித்த ஓட்டை.

நான் அந்தச் சுவிட்சைப் போட்டிருந்தால்? ஒரு பொறி பறந்திருந்தால் போதும், வீடே போயிருக்கும்.

மூக்கு இருக்கிறவர்கள் நாங்கள்... எங்கள் மூக்கை நம்பினோம். அவளிடம் அது இல்லை; அதனால் மெஷினை நம்பினாள். நம்மிடம் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிற எதையும் நாம் சந்தேகப்படுவதே இல்லையே, ஏன்?

மாமாதான் உடைந்துபோனார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். அக்காவுக்கோ வெட்கம்.

"போதும், அழுகாதீக. ரசம் ஆறிப்போச்சு. இங்கன வந்து பெருங்காயம் போதுமான்னு பாருங்க."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். மோந்து பார்த்தார். "ஜம்முனு இருக்கு" என்றார்.

அழுது அழுது மூக்கடைத்துப்போன மனிதருக்கு என்ன வாசம் தெரிந்திருக்கும்?