சலாட் தொட்டியில் அம்மாவின் மங்கு

ஈப்போவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தொட்டிகளில் சலாட் இலை வளர்க்கிறேன். மழை பெய்த மறுநாள் இலையெல்லாம் ஓட்டையாக இருக்கும். ஓடில்லாத நத்தைகளின் வேலை அது. ரப்பர் தோட்டத்தில் அட்டைக்குப் போடுவதுபோல உப்பைத் தூவினேன். நத்தையோடு செடியும் செத்தது.

"பீர் ஊத்தி வச்சா அதுவா வந்து விழுந்துரும்லா," என்றார் என் கணவர்.

மறுநாள் காலையில் தொட்டியைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மண்ணில் பதித்து வைத்திருந்தது அம்மாவின் மங்கு. சுங்காய் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் அம்மா பால் பிடித்த பீங்கான் கோப்பை. அம்மாவின் படத்துக்கு முன்னால் அதில் பூப்போட்டு வைத்திருந்தேன்.

"அம்மா மங்குலயா பீர் ஊத்துவீங்க?"

"வேற எதுவும் தோதா கெடைக்கல," என்றார் தலையைச் சொறிந்துகொண்டு.

பிடுங்கக் குனிந்தேன். ஒரு நத்தை உள்ளே மிதந்தது. இன்னொன்று விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் அம்மாவோடு ரப்பர் மர நிரைக்குப் போவேன். அங்கேயும் நத்தைகள் மரத்தில் ஏறி, மங்கில் பால் குடிக்க வரும். அம்மா குச்சியால் தள்ளிவிட்டுத் திட்டுவார். "பால் வேணும்னா நீயே வெட்டிக் குடி."

நானும் ஒரு குச்சியை எடுத்து, விளிம்பில் இருந்ததைத் தள்ளினேன். "சலாட் வேணும்னா நீயே நட்டுத் தின்னு."

கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது அம்மாவின் குரல்.

மங்கு தொட்டியிலேயே இருக்கிறது. படத்துக்குப் பூவை வேறு கிண்ணத்தில் வைக்கிறேன்.