முதலில் மாத்திரை, பிறகு தெர்மாமீட்டர்

எங்கள் குடோனில் யாருக்கும் காய்ச்சல் வராது. நான் சொல்லவில்லை, சூப்பர்வைசர் சொல்வார். பார்வையிட வருகிற பெரிய மனிதர்களிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். அதன் சூட்சுமம் முதலுதவி அறையில் இருந்தது. உடம்பு சுடுகிறது என்று போய் நின்றால் முதலில் ஒரு மாத்திரை. ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். பிறகுதான் வாயில் தெர்மாமீட்டர் வைப்பார்கள். மாத்திரை விழுங்கிய உடம்பு என்ன காட்டும்? நார்மல் காட்டும். நார்மல் என்றால் வேலைக்குப் போக வேண்டியதுதான். இந்தக் கண்றாவியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் குடோனில் நான் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். எங்கள் அண்ணி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், முன்னால் நீட்டிய இரண்டு இரும்புக் கைகளால் பாரம் தூக்குகிற வண்டி. அண்ணன் சாது, தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்பான். அண்ணி மிதித்தவனைச் சும்மா விடமாட்டார். தூக்கிய பாரத்துக்கு அடியில் எவனாவது நின்றுவிட்டால் போதும், அவன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுவார். 'வெடி' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் கண்ணாடிப் பெட்டிகள் வந்தால் எல்லோரும் தேடுவது வெடியைத்தான். முட்டையைத் தரையில் வைப்பதுபோல இறக்குவார்.

கோடியில் ஒரு இரும்பு ரேக்கின் கால் துருப்பிடித்திருந்தது. அண்ணி சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் அது சாய்ந்து, அதன் சட்டம் அண்ணியின் இடது விலாவில் இறங்கியது. உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் நிற்கவில்லை. அறுத்து எடுத்துவிட்டார்கள். ஓட்டத் தெரியாமல் ரேக்கில் இடித்துவிட்டார் என்று சூப்பர்வைசர் ஊரெல்லாம் சொன்னார். வாய் கூசவில்லை அந்த ஆளுக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, ஆபரேஷன் செய்த டாக்டரம்மா அண்ணனையும் என்னையும் அண்ணியின் கட்டிலருகே நிறுத்திக்கொண்டார்.

"கிருமியோட சண்டை போடுற செல்லுங்க உடம்பு பூரா இருக்கு. தோல்ல இருக்கு, நுரையீரல்ல இருக்கு, குடல்ல இருக்கு. ஒவ்வொரு இடத்துலயும் அது வேலை செய்யுற விதம் வேற. கையில முள்ளு குத்தினா அந்த இடம் சிவந்து வீங்கி சீழ் வைக்கும். அங்கயே வளைச்சுப் பிடிச்சு முடிச்சிடும். ஆனா நேரா ரத்தத்துக்குள்ள போற சில கிருமி இருக்கு. அதுக்கு மேல வழவழன்னு ஒரு உறை இருக்கும், சட்டுனு பிடிபடாது. ரத்தத்தை வடிகட்டி அதைப் பிடிக்கிற வேலை பெரும்பாலும் மண்ணீரலோடது. உங்களுக்கு அது இப்ப இல்ல."

"அப்ப வேற எதுவும் பார்த்துக்காதா?" என்று அண்ணி கேட்டார்.

"கல்லீரல் கொஞ்சம் பார்த்துக்கும், பத்தாது. தடுப்பூசி போட்டிருக்கோம், அதையும் முழுசா நம்ப முடியாது. காய்ச்சல் வந்தா நாளைக்குப் பார்க்கலாம்னு படுக்கக் கூடாதும்மா. அன்னைக்கே, அப்பவே இங்க வந்துடணும். சில மணி நேரத்துல கை மீறிப் போயிடும்."

அண்ணன் அழுதுவிட்டான். "இப்பவே எதுக்கு ஒப்பாரி?" என்று அண்ணி ஒரு அதட்டல் போட்டார்.

வேலைக்குத் திரும்பிய பிறகு, அட்டைப்பெட்டியில் அடித்திருந்த கம்பி ஊசி ஒன்று அண்ணியின் விரலில் ஏறியது. விரல் கத்தரிக்காய்போல வீங்கி, சீழ் வைத்து, உடைந்து, ஆறிப்போனது. கட்டுப்போட்ட விரலோடு வண்டி ஓட்டியதை சூப்பர்வைசரும் பார்த்தார். பார்த்ததை மறக்காமல் மனதில் வைத்துக்கொண்டார்.

காய்ச்சல் வந்தது ஒரு காலை நேரத்தில். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அண்ணி என்னைக் கூப்பிட்டார். கையைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. இரண்டு பேருமாக சூப்பர்வைசரிடம் போய் கேட் பாஸ் கேட்டோம்.

"முதலுதவி ரூமுக்குப் போங்க. அதுதான் முறை."

"சார், எனக்கு மண்ணீரல் இல்ல. காய்ச்சல்னா உடனே வரச் சொல்லியிருக்காங்க."

"போன மாசம் விரல்ல சீழ் வச்சு தானா ஆறிச்சே, அப்ப மண்ணீரல் எங்கேர்ந்து வந்துச்சு? உடம்புல எதிர்ப்பு சக்தி இல்லாதவங்களுக்கு அப்படி ஆறுமா?"

"அது தோலு சார்! இது ரத்தம்! தோல்ல இருக்கிறதை யாரும் வெட்டி எடுக்கல. ரெண்டும் வேற வேறன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாங்க."

"எனக்கு டாக்டர் பாடம் எடுக்காதீங்க. பாஸ் இல்லாம கேட்டைத் தாண்டினா நாளைக்கு வர வேண்டாம்."

அந்த வருடம் அண்ணனுக்கு வேலை இல்லை. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு மாத்திரையை விழுங்கினார். ஒரு மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டர் நார்மல் என்றது. சூப்பர்வைசர் அதை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார். உடம்பும் கொஞ்சம் லேசாக இருந்ததால் அண்ணியே ஒரு நிமிடம் குழம்பிவிட்டார். "ஒருவேளை ஒண்ணும் இல்லையோ தம்பி?" என்றார். மாத்திரை அடக்கியது சூட்டை மட்டும். ரத்தத்தில் இருந்த கிருமிக்கு அதனால் ஒரு கேடும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடுக்கம் பிடித்தது. பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. கம்பெனி வண்டி கேட்டேன். டெலிவரிக்குப் போயிருக்கிறது, வரட்டும் என்றார் சூப்பர்வைசர்.

"வரட்டுமா?" என்றார் அண்ணி. தட்டுத்தடுமாறி ஃபோர்க்லிஃப்டில் ஏறி, ஹாரனை அழுத்தியபடி கேட்டைப் பார்த்து ஓட்டினார். இரண்டு இரும்புக் கைகள் தன்னை நோக்கி வருவதைக் கண்டதும் காவலாளி தடுப்பைத் தூக்கிவிட்டார். ஆஸ்பத்திரி அதே சாலையில் நாலு கட்டடம் தள்ளித்தான். நான் முன்னால் ஓடி, இரண்டு கையையும் விரித்து பஸ்ஸையும் காரையும் நிறுத்தினேன். ஒரு கார்க்காரன் கெட்ட வார்த்தையில் திட்டினான். நடுக்கத்தோடு நடுக்கமாக அண்ணி அவனுக்குப் பதில் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை அணைத்ததும் என் மேல் சரிந்தார்.

பிழைத்துக்கொண்டார். மருந்தை அவசர அவசரமாக நரம்பில் ஏற்றி, எப்படியோ இழுத்துப் பிடித்தார்கள். ஆனால் இடது கையில் மூன்று விரல் நுனிகள் கருத்துப்போயின. ரத்த ஓட்டம் நின்ற இடம் திரும்பி வராது என்று அவற்றை எடுத்தார்கள். காலையிலேயே வந்திருந்தால் விரல் தப்பியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அந்த வார்த்தையை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன், விழுங்க முடியவில்லை. ஃபோர்க்லிஃப்டின் ஸ்டியரிங்கைத் திருப்புவது இடது கைதான்.

சூப்பர்வைசர் பழங்களோடு பார்க்க வந்தார். ரோட்டில் ஓட்டியதில் டயர் தேய்ந்துவிட்டதாம். அதை முதலில் சொன்னார். பிறகு, "செக் பண்ணப்ப நார்மல்தான் இருந்துச்சு, அதை நீங்களே பார்த்தீங்க இல்ல?" என்றார். அண்ணன் எழுந்தான். வாழ்நாளில் முதல்முறையாகக் குரலை உயர்த்தி, "பழத்தை எடுத்துக்கிட்டு வெளிய போங்க" என்றான். அண்ணி கண்ணைத் திறந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

கை ஆறியதும் அண்ணி குடோனுக்கு வந்தார். கூட்டுகிற வேலை தருகிறோம் என்றார்கள். அண்ணி துடைப்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக முதலுதவி அறைக்குப் போனார். மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பிப் பார்க்கட்டும் என்று லோடிங் ஆட்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றோம். யாரும் எழுப்பவில்லை.

அப்போது பேக்கிங்கில் வேலை செய்கிற ஒருவர் சுருண்டபடி வந்தார். உடம்பெல்லாம் அனல் என்றார். பழக்க தோஷத்தில் மாத்திரைக்குக் கையை நீட்டினார். அண்ணி அந்தக் கையைத் தட்டிவிட்டு, மிச்சமிருந்த விரல்களால் தெர்மாமீட்டரைப் பிடித்து உதறினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சூப்பர்வைசர் உள்ளே வந்தார்.

"யாரைக் கேட்டு இங்க உட்கார்ந்தீங்க? இங்க ஒரு முறை இருக்கு, மாத்திரை குடுத்துட்டுத்தான்..."

அண்ணி அவர் பக்கம் திரும்பவில்லை. தெர்மாமீட்டரைப் பேக்கிங்காரரின் நாக்குக்கு அடியில் வைத்தார்.

"வாயை மூடுங்க," என்றார் பேக்கிங்காரரிடம். பிறகுதான் நிமிர்ந்து சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"நீங்களும்தான் சார்."