மனைவியின் எடையும் என் இடுப்பும்

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் குடியிருப்பில் மருத்துவ முகாம் போட்டார்கள். திருவான்மியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மேஜை, ஒரு எடை மெஷின், சுவரில் ஒட்டிய அளவுகோல். அங்கே உட்கார்ந்திருந்த பெண் உயரத்தையும் எடையையும் செல்போனில் தட்டி, ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

என் சீட்டில் ‘நார்மல்’ என்று இருந்தது. மனைவியின் சீட்டில் ‘அதிக எடை, பன்னிரண்டு கிலோ குறைக்கவும்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

மனைவி அடையாறில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். கல்லூரியில் குண்டு எறிந்தவள். தோளும் தொடையும் அப்போதிலிருந்தே அப்படித்தான். எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைப்பது அவள்தான். நான் நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவன். கை கால் ஒல்லி. சட்டையை வெளியே விட்டுக்கொண்டால் தொப்பை அவ்வளவாகத் தெரியாது.

“உயரத்துல நூறைக் கழிக்கணும். மிச்சம் எவ்வளவோ, அதுதான் இருக்க வேண்டிய வெயிட்” என்று லிஃப்டில் அவளுக்கு விளக்கினேன். “எனக்கு எழுபது வரைக்கும் இருக்கலாம். நான் அறுபத்தெட்டு. உனக்கு அறுபது. நீ எழுபத்திரண்டு.”

“எனக்கும் கழிக்கத் தெரியும்” என்றாள்.

முட்டிவலி இருந்ததால் அவளும் குறைக்கலாம் என்றுதான் நினைத்தாள். நான் அன்றே தி. நகர் போய் ஒரு எடை மெஷின் வாங்கி வந்தேன். தினமும் காலையில் அவள் ஏறி நிற்க, நான் குனிந்து எண்ணைப் படித்து ஃபிரிட்ஜ் பக்கத்துக் காலண்டரில் எழுதுவேன். முந்தின நாளைவிட நூறு கிராம் கூடியிருந்தால், “நேத்து என்ன சாப்பிட்ட?” என்று கேட்பேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் முதலில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். பிறகு காலை இட்லியையும் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். மூன்று வாரத்தில் ஒன்றரைக் கிலோ இறங்கியது. எனக்கு அதுவே குறைவாகப் பட்டது.

நாலாவது வாரம் ஒரு நாள், அவள் எடையைப் பார்க்காமலே நான் சீக்கிரம் ஆபீஸ் போய்விட்டேன். அன்று விளையாட்டு விழா ஒத்திகையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்யும் டீச்சர் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். நான் ஆபீஸிலிருந்து ஓடி வந்தேன். சோபாவில் படுத்திருந்தவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

“இன்னிக்கு எவ்வளவு இருந்தது?”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். “மயக்கம் போட்டு வந்திருக்கேன். நீங்க வெயிட் கேக்கறீங்க.”

மறுநாள் மயிலாப்பூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். அவர் என்ன வேலை, எவ்வளவு தூக்கம், வீட்டில் யாருக்கெல்லாம் சர்க்கரை என்று விசாரித்தார். அவள் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். நான் முகாம் சீட்டை நீட்டினேன்.

“இந்தக் கணக்குக்கு உயரமும் எடையும் மட்டும்தான் தெரியும் சார்” என்றார். “அதுல தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு எங்க சேர்ந்திருக்கு, ஒண்ணும் தெரியாது. இவங்க உடம்புல தசை நிறைய. முட்டிக்காக மூணு நாலு கிலோ மெதுவாக் குறைஞ்சா நல்லது. பட்டினி வேண்டவே வேண்டாம்.”

பிறகு இஞ்ச் டேப்பை எடுத்து அவள் இடுப்பை அளந்தார். எண்பத்தொரு சென்டிமீட்டர். உயரத்தில் பாதிக்குள் இருந்தால் நல்லது, இது ஒரு சென்டிதான் கூட என்றார். டேப்பைச் சுருட்டப் போனவர் என்னைப் பார்த்தார்.

“நீங்களும் வாங்க. சட்டையைத் தூக்குங்க.”

“எனக்கு நார்மல்னு எழுதியிருக்காங்க டாக்டர்.”

“பரவாயில்ல, தூக்குங்க.”

நான் மூச்சை உள்ளே இழுத்தேன். “விடுங்க சார், விடுங்க” என்றார். தொண்ணூற்றேழு. என் உயரத்தில் பாதி எண்பத்தைந்து. இரண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி. வந்து ஒன்றிரண்டு வருஷம்கூட ஆகியிருக்கலாம், கவனிக்காமல் விட்டிருப்பீர்கள் என்றார் டாக்டர். “எடை பாக்கறதைத் தப்புன்னு சொல்லலை. அங்கதான் ஆரம்பிக்கணும். நீங்க அதோட நிறுத்திட்டீங்க.”

திரும்பி வரும்போது ஆட்டோ அடையாறு பாலத்தில் நின்று நின்று நகர்ந்தது. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். காலண்டரைப் பற்றி, சோபாவில் கேட்டதைப் பற்றி. இரைச்சலில் பாதி காதில் விழவில்லை போல, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“தினமும் காலையில உங்க முகத்தைப் பார்த்துத்தான் நான் நல்லா இருக்கேனா இல்லையான்னு தெரிஞ்சுக்க வேண்டியிருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது” என்றாள்.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் கடற்கரைச் சாலையில் நடக்கிறோம். ஆரம்பத்தில் எனக்கு மூச்சு வாங்கும். அவள் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசும் குரலில், “கையை வீசி நடங்க” என்பாள். ஒரு வருஷத்தில் என் இடுப்பு ஏழு சென்டி குறைந்தது. எடை இரண்டு கிலோதான் குறைந்திருந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது, மாத்திரை தொடர்கிறது. அவள் அறுபத்தொன்பதில் நிற்கிறாள். முட்டிவலி படி ஏறும்போது மட்டும் எட்டிப் பார்க்கும். போன வாரம் என் ஆபீஸில் ஒல்லியான நண்பர் ஒருவர் தனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, வெயிட் கரெக்டாக இருக்கிறது என்றார். ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வடை எடுத்துக்கொண்டார்.