கட்டைவிரல் அக்காவும் ஐந்து கோடுகளும்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குக் கட்டைவிரல் அக்கா என்று பெயர் வைத்தவன் நான்தான். கரைப்பான்களிலேயே புழங்கி வலது கட்டைவிரல் வெடித்துவிட்டதால், காகிதம் புரட்டுகிறவர்கள் மாட்டுவது போன்ற ரப்பர் உறை ஒன்றை இரண்டு வருடமாக மாட்டியிருந்தார். மெல்லிய கண்ணாடிக் குழாயின் வாயை அந்த விரலால் பொத்தி, இரண்டு தடவை கவிழ்த்துக் கலக்குவார். அதன்பிறகுதான் குழாய் அளக்கும் கருவியின் காந்தத்துக்குள் போகும்.

சில கரிம மூலக்கூறுகளில் ஜோடி சேராத எலெக்ட்ரான் ஒன்று இருக்கும். அவற்றின் காந்தத்தன்மைக்கு அதுதான் காரணம். அந்த ஒண்டிக்கட்டையின் ஸ்பின் என்கிற தற்சுழற்சி ஓர் அணுவிலேயே குடியிருக்காது. இங்கே பாதி, அங்கே கால் என்று பரவிக் கிடக்கும்; சில அணுக்களில் தலைகீழாகவும் நிற்கும். எங்கே எவ்வளவு என்று திரையில் எழும் கோடுகளை வைத்துக் கண்டுபிடிப்பது அக்காவின் வேலை.

புது மூலக்கூறு ஒன்றில் ஸ்பின் மறுகோடி வரை போயிருக்கிறது என்று எட்டு மாதம் அளந்து சொல்லியிருந்தார். ஆதாரம், பெரிய கோடுகளுக்கு நடுவே தெரிந்த குட்டிக் கோடுகள். அறிக்கை அன்று மாலை நாலு மணிக்குப் போக வேண்டும். அந்த முடிவு நிலைத்தால்தான் அவர் வேலை நீடிக்கும்.

வெறும் கரைப்பானை அளந்து பார்ப்பது எப்போதும் என் பொறுப்பு. அன்று நான் தாமதமாக வந்ததால் அக்காவே செய்தார். திரையில் ஒன்றுமே எழக்கூடாது. ஐந்து கோடுகள் எழுந்தன, படி ஏறி இறங்குவதுபோல.

“காலிக் குழாய்க்கு ஜுரம்க்கா.”

“நீ கழுவின லட்சணம்.”

“நான் கழுவினா கண்ணாடியே தேஞ்சிடும்.”

அதே பாட்டிலிலிருந்து நான் ஊற்றி வைத்தேன். ஒன்றுமில்லை. அவர் ஊற்றி வைத்தார். ஐந்து. மறுபடி நான், ஒன்றுமில்லை. மறுபடி அவர், ஐந்து.

“என் கை பட்டா மட்டும் எந்திரிக்குது,” என்றார் மெதுவாக.

சிரிக்க வைக்கலாம் என்று நீலக்காரர் குரலை எடுத்தேன். முழங்கை வரை நீலமாகத் திரிந்தவர். இந்த ஆய்வகத்தின் முதல் காந்த மூலக்கூறு, அந்த நீலப்பொடி, அவர் செய்தது. அவர் இறந்து இரண்டு வருடம். அதன்பின் அதை யாரும் செய்யவில்லை.

“யாரும்மா அது, தூங்குற மனுஷனை எழுப்பறது?” என்று அவரைப்போலவே மூக்கால் கேட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. சுவரில் நீலக்காரர் ஒட்டிவைத்திருந்த நீலப்பொடியின் பழைய வரைபடத்தைப் பிய்த்து வந்து திரைமேல் வைத்தார். ஐந்தும் ஐந்தும் மயிரிழை பிசகாமல் பொருந்தின.

“அவரோடதுடா.”

பாட்டில் போன மாதம் வாங்கியது. முதல் குழாய்க்குப் பிறகு எடுத்தவை எல்லாம் புத்தம்புதுக் குழாய்கள். நீலப்பொடி உள்ளே வர வழியே இல்லை.

அடுத்த குழாயைப் பொத்தப் போன விரல் பாதியில் நின்றது. உறையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்பக்கம் மங்கிய நீலம்; ரப்பருக்குள் ஊறி, கரைப்பான் படும் நுனி வரை லேசாக வந்திருந்தது.

“இது எங்க வாங்கினதுக்கா?”

“வாங்கலை. அவர் மேஜையை எனக்குக் குடுத்தாங்கல்ல, டிராயர்ல கிடந்துச்சு. அளவு சரியா இருந்துச்சு.”

உறையில்லாமல், பொத்தாமல் புது மூலக்கூறை அளந்தார். குட்டிக் கோடுகளைக் காணோம்.

“மறுகோடிக்கு எதுவும் போகலை. எட்டு மாசமா செத்தவர் விரலைப் போட்டுக்கிட்டு அளந்திருக்கேன்.”

“மணி ரெண்டுதான் ஆகுது. சும்மா அனுப்பிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

“அவருக்குத் தெரியுமே,” என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மூன்றரைக்கு, முடிவு தவறு, காரணம் ரப்பர் உறை என்று இரண்டே வரியில் எழுதி அனுப்பினார். இரண்டு மாதத்தில் அவர் வேலை முடிந்தது. மேஜை எனக்கு வந்தது.

டிராயரில், மூடிய சின்னக் குப்பிக்குள் அந்த உறை. “தொடாதே” என்று அக்கா எழுதி ஒட்டியிருக்கிறார். நான் தொடவில்லை. இந்த மாதம் என் கட்டைவிரலும் வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. போட்டுப் பார்க்காமலே தெரிகிறது, அளவு சரியாக இருக்கும்.