ஜிஎஸ்எம் தராசு

பனியன் கம்பெனியில் துணியின் எடை பார்ப்பது என் வேலை. வட்டமாக ஒரு துண்டு வெட்டி, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்க்கிற ஜிஎஸ்எம் தராசில் வைத்தால், கிராமுக்குக் கீழேயும் காட்டும். பைக்கில் மலைக்குப் போகிற பைத்தியம் பிடித்தபோது மடக்கு அடுப்பு, சின்ன கேஸ் டப்பா, அலுமினியக் கிண்ணம் எல்லாவற்றையும் அதில்தான் எடை போட்டேன்.

கிளம்புகிற காலையில், ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி மனைவி வந்தாள்.

"ஏனுங்க, நானும் வரட்டுங்களா?"

"பின்சீட்டுல அடுப்பும் கேஸும் கட்டோணும் கண்ணு. அடுத்த தடவ போலாம்."

"சரீங்க" என்று சிரித்தாள். "நான் உங்க தராசுல நிக்கமாட்டனுங்களே."

தாராபுரம் தாண்டி, மலையடிவாரத்தில் நண்பரின் தோட்டத்தில் அடுப்பை விரித்தேன். கிண்ணத்துக்குள் நான் எடை போடாத ஒரு பொட்டலம் இருந்தது. பனியன் வேஸ்ட் துணியில் சுக்குப்பொடியும் கருப்பட்டியும் முடிந்து வைத்திருந்தாள். இரண்டு பேருக்குக் காணும். என்னிடம் கேட்பதற்கு முன்பே கட்டியிருக்கிறாள்.

அடுத்த தடவை வரவே இல்லை. இரண்டே மாதத்தில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், அந்தச் சாமான்களை எடுத்து பைக்கின் சைடு பேக்கில் அடுக்கினேன். அன்றைக்கும் இருந்த அதே பைதான். எல்லாம் அடங்கி, மேலே ஒரு சாண் இடம் மிச்சமிருந்தது. பின்சீட்டு காலியாகக் கிடந்தது.

அடங்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். எனக்குத் தனியாகப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.