கள்ளி வேலிக்கு முட்டை ஓடு

என் மகள் கண்ணைக் கசக்கினால் இன்றும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். வயதுக்கு வந்த பெண் அவள். "தூசும்மா, சும்மா இரு" என்று எரிந்து விழுகிறாள். அவளுக்கு அது தூசு. எனக்கு அந்த வேலி.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் வழியில் இருந்தது எங்கள் வீடு. சுற்றிலும் திருகுக்கள்ளி வேலி. ஆளுயரத்துக்குப் பச்சை விரல்களாக நிற்கும். ஆடு வாய் வைக்காது, தண்ணீர் கேட்காது. ஒடித்தால் பால் கொட்டும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வேலி ஓரம் போகாதே என்று சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்தோம்.

என் கணவருக்கும் தெரியும், அந்த மண்ணில் பிறந்தவர்தான். ஆனால் அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்து, சட்டைப் பையில் இரண்டு பேனா ஏறிய பிறகு, அவருக்குப் பல விஷயங்கள் மறந்து போயின. மேலதிகாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருகிறேன் என்றார். உடனே இவர் வீட்டைச் சுற்றிவந்தார். ஒழுகும் கூரை தெரியவில்லை. பாசி பிடித்த கிணற்றடி தெரியவில்லை. வேலிதான் தெரிந்தது.

"ஆபீசருங்க குவார்ட்டர்ஸ்ல பாத்துகீறியா? வேலிய மேச மாதிரி வெட்டி வச்சிகீறாங்க. நம்ம வூடு சுடுகாட்டுக்குப் போற வழி மாதிரி கீது."

"அது வேற செடிங்க. இது கள்ளி."

"செடின்னா செடிதான். அடுப்படியில கெடக்கிறவளுக்கு இன்னா தெரியும்?"

நானும் பத்தாவது முடித்தவள். அவரும் அதே பத்தாவதுதான்.

முதலில் செங்கற்களைச் சாய்த்து வரிசையாக நட்டு, ஒன்றுவிட்டு ஒன்று காவியும் சுண்ணாம்பும் அடித்தார். அடித்துவிட்டுச் சாலைக்குப் போய், அங்கிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். போதவில்லை. யாரோ வீட்டில் முள்செடியின் நுனிகளில் முட்டை ஓடுகளைக் கவிழ்த்து வைத்திருந்ததை எங்கோ பார்த்திருக்கிறார். தூரத்திலிருந்து வெள்ளைப் பூ மாதிரி இருக்குமாம். டீக்கடையில் ஆம்லெட் போட்டுக் குவித்த ஓடுகளைக் கூடையில் சுமந்து வந்தார். வீடெல்லாம் முட்டைக் கவிச்சி.

ஞாயிறு காலையில் கள்ளியை வெட்டினார். எப்படி வெட்டினார் என்பதை மட்டும் நான் மறக்கமாட்டேன். தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றி, கண்ணுக்கு மட்டும் கீற்றுபோல் இடம் விட்டு, கழுத்தைத் திருப்பிக்கொண்டு அரிவாளை வீசினார். தன் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்திருந்தது. வெட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். வேட்டியில் கறை படக்கூடாதல்லவா? அதனால் ஓடு மாட்டும் வேலையை ஏழு வயது மகளிடம் கொடுத்தார். நான் பின்கட்டில் அம்மியில் அந்த அதிகாரிக்காக மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன்.

பால் சொட்டும் நுனிகளில் குழந்தை ஒவ்வொரு ஓடாகக் கவிழ்த்திருக்கிறாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, இரண்டு கையாலும் துடைத்திருக்கிறாள்.

அலறல் கேட்டு நான் போவதற்குள் எதிர்வீட்டுக்காரி வந்துவிட்டாள். கைக்குழந்தைக்காரி. "யக்கா, மொதல்ல கையப் புடி, கசக்க வுடாத!" என்று சொல்லி, மகளை மடியில் சாய்த்து, தன் தாய்ப்பாலைக் கண்ணில் பீச்சினாள். எங்கள் பக்கம் கள்ளிப்பாலுக்கு அதுதான் உடனே செய்வது. பீச்சிக்கொண்டே திட்டினாள்.

"இன்னா மாமா, ஆபீசரு சோறு துன்ன வர்றாரா, வேலியில முட்ட பொறுக்க வர்றாரா?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொழந்தைய உள்ள தூக்கிக்கினு போ. ஜீப்பு வர்ற நேரம்" என்றார்.

உள்ளே போகவில்லை. எதிர்வீட்டுக்காரன் சைக்கிளில் மகளோடு ஏறி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணைக் கழுவோ கழுவென்று கழுவினார்கள். இரண்டு கண்ணையும் கட்டினார்கள். பார்வை எப்படி இருக்கும் என்று கேட்டேன். கட்டை அவிழ்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

வீடு திரும்பியபோது அதிகாரி வந்து போயிருந்தார். ஜீப் கொல்லைப்புறச் சந்தில் வந்ததாம். அவர் பின்வாசல் வழியாகவே நுழைந்து, சாப்பிட்டு, அப்படியே போய்விட்டாராம். என் கணவர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மகளுக்காக என்றுதான் ஒரு நொடி நினைத்தேன்.

"முன்பக்கமா வரலியே" என்றார்.

கட்டுப்போட்ட முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பி மகள் கேட்டாள்: "நைனா, ஆபீசரு முட்டப் பூவப் பாத்தாரா?"

"பாத்தாரு கண்ணு. ஷோக்கா கீதுன்னாரு."

பொய் சொல்லவும் அவருக்கு அந்த வேலிதான் கிடைத்தது.

கட்டு அவிழ்க்கும்வரை நான் தூங்கவில்லை. தூக்கத்தில் கட்டைப் பிய்த்துவிடுவாளோ என்று அவள் கைகளைப் பிடித்தபடியே கிடந்தேன். அவிழ்த்த அன்று ஆஸ்பத்திரியில் வெளிச்சம் தாங்காமல் கண்ணை மூடிமூடித் திறந்தாள். எல்லாம் மங்கலா கீது என்றாள். போகப்போகத் தெரியும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அவர் வீட்டு முன்னால் நின்றிருந்தார்.

சாலை ஓரத்திலிருந்தே மகள் தலையைத் தூக்கினாள்.

"நைனா, அந்தக் காவிக் கல்லு ஒண்ணு வியிந்துகீது."

பார்த்துவிட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்து, நிறத்தோடு. அவளை இறுக்கி அணைத்தபடி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் அவசரமாகக் குனிந்து அந்தக் கல்லை நிமிர்த்தி நட்டார்.