கை மட்டும் தெரியட்டும்

எங்கள் வீட்டுப் பட்டுப் புடவை வியாபாரம் தேறியதற்கு, ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஒருநாள் பயிற்சி முகாம்தான் காரணம் என்று என் கொழுந்தனார் ஆரணி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். டீக்கடையில் சொல்கிறார், சாயப்பட்டறையில் சொல்கிறார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு முன்பின் தெரியாதவரிடமும் சொல்கிறார். தடைகளைத் தகர்ப்பது எப்படி என்று அங்கே கற்றுக்கொடுத்தார்களாம். நான் மறுத்துப் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் இருந்த பெரிய தடையே அவர்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

என் கணவர் மாரடைப்பில் போனபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. அவர் இருந்தவரை வியாபாரத்தில் பாதி என் வாயால்தான் நடந்தது. தேவிகாபுரம், வந்தவாசிப் பக்கமிருந்தெல்லாம் கல்யாண வீட்டார் வேன் பிடித்து நேராக எங்கள் வீட்டுக்கே வருவார்கள். வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு புடவையாகப் பிரித்துப் போடுவேன். பெண்ணின் அம்மா விலையைப் பார்ப்பாள், நான் பெண்ணின் முகத்தைப் பார்ப்பேன். எந்தப் புடவையில் பேரம் முடியப்போகிறது என்று எனக்கு முன்பே தெரிந்துவிடும்.

அவர் போன பிறகு என் கையில் சகுனம் வந்து ஒட்டிக்கொண்டது. முகூர்த்தப் புடவையை எடுத்துக் கொடுப்பது சுமங்கலியின் கையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஆகவே வேன் சத்தம் கேட்டால் நான் பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். போ என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவு நாகரிகமான குடும்பம். "அண்ணி, அடுப்புல பாலு பொங்குது போல, பாருங்க" என்பார் கொழுந்தனார். அவர் சொன்ன அளவுக்கு எங்கள் அடுப்பில் பால் இருந்திருந்தால் தறியை விற்றுவிட்டுப் பால் வியாபாரமே செய்திருக்கலாம்.

பின்கட்டில் எனக்கென்று ஒரு ராட்டை போட்டுக் கொடுத்தார்கள். நெசவுக்கான நூலைச் சின்னக் குழலில் சுற்றித் தர வேண்டும். தார் சுற்றுவது என்போம். அதற்குச் சகுனம் கிடையாது. விதவை சுற்றிய நூல் முகூர்த்தப் புடவைக்குள் முழுசாக ஓடலாம், அந்தப் புடவையை எடுத்து நீட்டத்தான் அவளுக்குக் கை இல்லை. இந்தக் கணக்கைப் போட்டவர் யாரென்று தெரிந்தால் காலில் விழுந்து கும்பிடலாம்.

பிறகு எங்களிடம் மொத்தமாக எடுக்கிற கடைக்காரர்களின் ஆர்டர் குறைந்தது. தெருவில் எல்லோரும் ஃபோனில் லைவ் போட்டுப் புடவை விற்க ஆரம்பித்தார்கள். கொழுந்தனாரும் தன் மனைவியை, அதாவது என் ஓரகத்தியை, ஃபோன் முன்னால் உட்காரவைத்தார். என்னிடம் நாள் முழுக்கப் பேசுகிறவள் ஃபோனைப் பார்த்ததும் வேர்த்துக் கொட்டி, "இது புடவை" என்றாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். கொழுந்தனார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். "கை மட்டும் தெரியட்டும் அண்ணி. பேசறது யாருன்னு எவனுக்குத் தெரியப்போவுது?"

அப்படித்தான் ஆரம்பித்தது. லைவ் தொடங்குமுன் ஓரகத்தி தன் கண்ணாடி வளையல்களைக் கழற்றி எனக்குப் போட்டுவிடுவாள். ஃபோனை விரிப்பைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். முடிந்ததும் வளையலை வாங்கிக்கொள்வாள். லைவ் ஓடுகிற நேரம் மட்டும் நான் சுமங்கலி. சிரிப்பு வந்தது, வயிறும் எரிந்தது. ஆனால் மறுபடி பேசக் கிடைத்த சந்தோஷத்தில் அதையும் முழுங்கிக்கொண்டேன்.

புடவைகள் விற்றன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எங்கள் வீட்டுத் தறியில் பெரும்பாலும் டபுள் ஷேட்தான் ஓடும். நீளவாட்டில் போகிற பாவு ஒரு நிறம், குறுக்கே போகிற ஊடை வேறு நிறம். மயில் கழுத்து என்றால் நீலமும் பச்சையும் கலந்தது. அசைந்தால்தான் இரண்டும் தெரியும். நான் மடித்த புடவையை விரிப்பில் வைத்து டியூப்லைட் வெளிச்சத்தில் காட்டினேன். ஃபோனில் வெறும் நீலம் தெரிந்தது. கோயம்புத்தூரில் பிரித்துப் பார்த்த ஒரு அம்மாவுக்குப் பச்சை தெரிந்தது. "நீலம் காட்டிட்டு பச்சையை அனுப்பி ஏமாத்தறீங்களா?" என்று கேட்டாள். அவளை என்ன சொல்ல முடியும்?

விற்கிற பட்டை யாரும் மேலே போட்டுக் காட்ட மாட்டோம். ஒரு தடவை உடம்பில் பட்டால் அது கட்டின புடவை. தலைமுறை தலைமுறையாகக் கீழே விரித்தே விற்ற வீடு. நேரில் வருகிறவள் தானே எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொள்வாள், ஃபோனில் பார்க்கிறவள் என்ன செய்வாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஆனால் கொழுந்தனாருக்குக் காரணம் உடனே தோன்றிவிட்டது. "கைராசின்னு ஒண்ணு இருக்குதுங்க அண்ணி" என்றார், ரொம்ப மரியாதையாக. முகூர்த்தத்துக்கென்று போய்த் திரும்பிய புடவையை இன்னொரு முகூர்த்தத்துக்குக் கொடுக்கவும் முடியாது. ஆடி முடிவதற்குள் இது சரியாகவில்லையென்றால் ஃபோனை எடுத்து வைத்துவிடலாம், நான் நிம்மதியாக ராட்டையைப் பார்க்கலாம் என்றார். என் நிம்மதியில் அவருக்கு எப்போதும் அக்கறை. எனக்கோ அந்த ராட்டையை நினைத்தாலே மூச்சு முட்டியது. இந்த முறை உள்ளே போனால் பிணமாகத்தான் வெளியே வருவேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அவர் முகாமுக்குப் போனார். கோட்டு போட்ட ஒருவர் மேடையில் குதித்துக் குதித்துப் பேசினாராம். எல்லோரும் எழுந்து நின்று "என்னால் முடியும்" என்று கத்தினார்களாம். எது முடியும் என்று கேட்டேன், அதைச் சொல்லவில்லையாம். திரும்பி வந்த கொழுந்தனார் குரலே மாறியிருந்தது.

"தெளிவு வேணும் அண்ணி. தெளிவு இல்லாததால்தான் இவ்ளோ பேஜாரு. தெனம் காலைல கண்ணாடி முன்னாடி நில்லுங்க. பிரச்சினையை நேருக்கு நேரா பாருங்க. பதில் தானா வரும்."

பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டுமே. அவர் என்னைவிட வயதில் சின்னவர்தான், இருந்தாலும் கோட்டுக்காரரின் வார்த்தை அல்லவா? மறுநாள் காலையில் பீரோ கண்ணாடி முன்னால் நின்றேன். பிரச்சினை எது என்று யோசித்தேன். கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்த மயில் கழுத்துதான். அதையே எடுத்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நேருக்கு நேர் பார்க்கத் தோளில் போட்டேன்.

முந்தானை சரிந்ததும் நீலத்துக்குள்ளிருந்து பச்சை எழுந்தது. தோளைத் திருப்பினேன், பச்சை அடங்கி நீலம் வந்தது. இத்தனை நாள் விரிப்பில் செத்துக் கிடந்த புடவை இது. சே, இவ்வளவுதானா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் கண்ணாடியில் என்னையும் பார்த்தேன். அழகாக இருந்தேன். அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அன்று கொழுந்தனார் ஜரிகை வாங்க பஜாருக்குப் போயிருந்தார். லைவ் ஆரம்பித்ததும் நான் எழுந்து நின்று அந்த மயில் கழுத்தைத் தோளில் போட்டேன். ஃபோனைப் பிடித்திருந்த ஓரகத்தி பதறிப்போனாள்.

"அக்கா, மொகம் தெரியுது!"

"தெரியட்டும், ஃபோன மேல தூக்கு."

அவள் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கினாள். நான் திரும்பி, அசைந்து, எது பாவு, எது ஊடை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேள்விகள் சரசரவென்று வந்தன. நடுவில், முகாமில் கோட்டுக்காரரோடு எடுத்த படத்தை முகப்பில் வைத்த ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வந்தது. 'அண்ணி உள்ளே போங்க.'

ஃபோன் போட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து கத்தியிருக்கலாம். மனிதர் ஊரே பார்க்கிற இடத்தில் எழுதிவிட்டார், தெளிவு அந்த அளவுக்கு முற்றியிருந்தது. 'யாரு அண்ணி? எதுக்கு உள்ள போணும்?' என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

"அண்ணி நான்தாங்க" என்றேன். "எழுதினது என் கொழுந்தனாரு. என் வீட்டுக்காரரு தவறிட்டாரு, அதனால நான் முகூர்த்தப் புடவைய தொடக்கூடாதுன்னு அவருக்கு எண்ணம். இத்தினி நாளா நீங்க பாத்த கையும் என் கைதான், வளையல் மட்டும் என் ஓரகத்தியோடது. சகுனம் பாக்கறவங்க எங்ககிட்ட எடுக்காதீங்க, தப்பா நெனைக்க மாட்டேன். இது கலரு சரியா தெரியாம ஒரு தடவ திரும்பி வந்த புடவதான், ஆனா இதோட நெஜமான கலரு இதான், நல்லா பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மளமளவென்று வெளியேறினார்கள். கேள்விகள் நின்றுவிட்டன. ஓரகத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபோனை இறக்காமல் நின்றாள். முடிந்தது, இனி ராட்டைதான் என்று எனக்குத் தோன்றியது. தோளிலிருந்த புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அதற்குள் திரையில் ஒரு வரி வந்தது, ஓரகத்தி அதைச் சத்தமாகப் படித்தாள்.

'என் பொண்ணு முகூர்த்தத்துக்கு இதையே எடுத்து வைங்க. நானும் உங்கள மாதிரிதான். அன்னிக்கு எங்க போய் ஒளிஞ்சி நிக்கறதுன்னு யோசிச்சிகினு இருந்தேன். இனிமே ஒளிய மாட்டேன். எனக்கும் ஒண்ணு வேணும்.'

என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன். வந்த பதிலையும் ஓரகத்தி படித்தாள்.

'எனக்கு எந்தக் கலர் பிடிக்கும்னே மறந்துபோச்சு அக்கா. நீங்களே காட்டுங்க.'

அலமாரியில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக் காட்டினேன்.